சக்கரத்துக்குத் தண்ணீர் காட்டாத நாள்

கராஜில் நான் நின்ற இடத்தில் இப்போது நிற்கும் பிள்ளைகளுக்கு எழுதுகிறேன். அவர்களில் என் சொந்த மகளும் ஒருத்தி. அவளுக்கென்று தனியாக எழுதவில்லை, எல்லோரும் வாசியுங்கள்.

போன கிழமை ஒரு ஃபோர்வீல் லொறிக்கு முன் ஆக்சிலில் டிஸ்க் பிரேக்கும் பவர் ஸ்டியரிங்கும் போட்டுக் கொடுத்தீர்களாம். மகள் போனில் படம் காட்டினாள். வேலை சுத்தம். பைப்பை வளைத்திருந்த விதமே அழகாக இருந்தது. பொருத்துவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பொருத்தி முடித்த லொறி கேட்டைத் தாண்டிப் போன பிறகு என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அனீபா நானாவின் லொறியை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். மாத்தளை டவுனிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலையை ஏறி, மறுபக்கம் லக்கல பக்கம் இறங்கி, அங்கிருந்து நெல்லும் மரக்கறியும் ஏற்றி வருவார். பஸ் குறைந்த பக்கம் என்பதால் ஆட்களும் தொற்றிக்கொண்டு வருவார்கள். அப்போது அந்த லொறியின் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஸ்டியரிங் இரும்பு மாதிரி இருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் நானா சீட்டை விட்டு எழும்பி நின்று திருப்புவார். தோள்பட்டை போய்விட்டது என்று சொல்லித்தான் என்னிடம் வந்தார்.

ரீகண்டிஷன் லொறி ஒன்றின் முன் சாமான்களை எடுத்து டிஸ்க்கும் பவர் ஸ்டியரிங்கும் போட்டுக் கொடுத்தேன். பிரேக் மாஸ்டர் சிலிண்டரையும் டிஸ்க்குக்கு ஏற்றதாக மாற்றினேன். கராஜ் முன்னால் ஸ்டியரிங்கை ஒரு விரலால் சுற்றிக் காட்டி, "இனி எங்க உம்மா வந்தும் ஓட்டலாம் பாஸ்" என்றார் நானா. மாதக்கணக்கில் ஒரு குறையும் வரவில்லை.

பிறகு தினேஷின் கல்யாணம் வந்தது.

தினேஷ் நம் பக்கத்து டிங்கரிங் கடைப் பையன். தகப்பன் இல்லை. அம்மா சரஸ் அக்கா. அவன் விரும்பிய பெண் லக்கலப் பக்கத்துச் சிங்களப் பெண். பெண்ணின் தகப்பனார் வயல் செய்கிறவர், இந்தச் சம்பந்தத்துக்கு லேசில் இறங்கி வரவில்லை. கடைசியில் சம்மதித்தபோது ஒன்றை மட்டும் சொல்லி அனுப்பினார்: சுபநேரம் தவறக் கூடாது. அவர்கள் பக்கம் அதைப் பெரிதாகப் பார்ப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் நேரத்துக்கு வராவிட்டால், தமிழ் ஆட்கள் எங்களை மதிக்கவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். அந்தப் பேச்சைப் பெண்தான் ஆயுள் முழுக்கக் கேட்க வேண்டும்.

அந்த மாதம் பெய்த மழையில் மலைப் பாதையில் மண் சரிந்திருந்தது. வேன் போகாது. நானாவின் லொறி போகும். பின்னால் பலகை போட்டு, தார்ப்பாய் கட்டி, பட்டுச் சேலையும் வேட்டியுமாக எல்லோரும் ஏறினோம். நானும் கல்யாணத்துக்குப் போகிற ஆளாகத்தான் ஏறினேன், மெக்கானிக் பாஸாக ஏறவில்லை. ஆனாலும் ஸ்பேனர் சாவிக் கட்டும் ஒரு போத்தலில் கொஞ்சம் பிரேக் ஒயிலும் சீட்டுக்கு அடியில் வைத்தேன். மனைவி பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குக் கொண்டுபோற சீரா இது?" என்று கேட்டாள்.

ரிவர்ஸ்டன் ஏற்றம் முடிகிற இடத்தில், பாதைக்கு அடியால் தண்ணீர் ஓடுகிற ஒரு போக்கு இருக்கிறது. பாறையிலிருந்து வருஷம் முழுக்கத் தண்ணீர் விழும். அந்த வழியில் ஓடுகிற எல்லா லொறிக்காரர்களும் அங்கே நிற்பார்கள். ஏறி வந்தவன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவான். இறங்கப் போகிறவன் வாளியில் மொண்டு நான்கு சக்கரத்திலும் வீசுவான். இதற்குச் சக்கரத்துக்குத் தண்ணி காட்டுறது என்று பெயர். டிரம் காலத்துப் பழக்கம். அதைச் செய்யாமல் இறங்கினால் சாமி கும்பிடாமல் புறப்பட்ட மாதிரி அவர்களுக்கு.

எங்கள் லொறியும் நின்றது. பனி மூடியிருந்தது. பெண்கள் இறங்கிப் படம் எடுத்தார்கள். தினேஷின் தாய்மாமன் ராமையா அண்ணன் முன்பு பஸ் கண்டக்டர்; இப்போதும் எங்கே போனாலும் அவர்தான் விசில் ஊத வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டி, வாளியை நிரப்பிக்கொண்டு முன் சக்கரத்துக்கு நேரே வந்தார்.

"அண்ணே, வேணாம். அது டிஸ்க்கு. சூட்டுல தண்ணி பட்டா வளைஞ்சு வெடிச்சிடும்" என்றேன்.

"பாஸு, நீங்க கராஜ்ல இருக்கிற ஆளு. ரோட்டப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க. சக்கரத்துக்குத் தண்ணி காட்டாம எவன் இந்த மலைய எறங்கினான்?"

வாளியைப் பிடித்தேன். இழுபறியில் கொஞ்சம் தண்ணீர் சிந்திச் சக்கரத்தின் மேல் பட்டது. சுர்ரென்று ஆவி எழும்பியது.

ராமையா அண்ணன் வெற்றி பெற்ற மாதிரி என்னைப் பார்த்தார். "பார்த்தீங்களா, எவ்வளவு சூடு. அதுக்குத்தான் சொன்னேன்."

பிள்ளைகளே, நாங்கள் அதுவரை ஏறித்தான் வந்திருக்கிறோம். ஏறுகிற லொறிக்குப் பிரேக் எதற்கு? மிதிக்காத பிரேக் ஏன் சூடாக வேண்டும்?

புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். முன் சக்கரம் அடுப்பு மாதிரி. சுற்றிப் போய் மறுபக்கம் பார்த்தேன், அதே அளவு சூடு. பின் சக்கரங்கள் இரண்டும் குளிர்ந்து கிடந்தன. இதை நினைவில் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடு என்றால் அந்தச் சக்கரத்தைக் கழற்று. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சூடு என்றால் சக்கரங்களை விட்டுவிடு. இரண்டுக்கும் பொதுவாக ஒயில் அனுப்புகிற இடத்தில் கோளாறு. அது மாஸ்டர் சிலிண்டர்.

நான் போட்ட மாஸ்டர் இப்படிச் செய்யாது. அது எனக்கு உறுதி. அப்படியானால் அங்கே இப்போது இருப்பது நான் போட்டது இல்லை.

டேஷுக்குக் கீழே குனிந்து பார்த்திருந்தால் புது மாஸ்டர் என்று தெரிந்திருக்கும். குனியவில்லை. சுற்றிக் கல்யாணக் கூட்டம் நிற்கிறது. எல்லோரும் பார்க்க நான் குனிந்தால், நானாவின் லொறியில் பிழை கண்டுபிடித்தேன் என்று ஆகும். அந்த இடத்தில் கேட்டால் எந்த மனிதனும் இல்லை என்றுதான் சொல்வான். இல்லை என்று ஒரு தரம் சொல்லிவிட்டால் அதிலேயே நிற்பான். எனக்கு வேண்டியது உண்மை, அதுவும் உடனே.

"நானா, ஒரு வாளித் தண்ணி பிடிக்க வாங்க" என்று போக்குக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனேன். தண்ணீர் விழுகிற சத்தத்தில் நாங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது. மாஸ்டரை மாற்றினீர்களா என்று கேட்கவில்லை.

"மாஸ்டர்ல ஒயில் ஒழுகுறத எப்ப கண்டீங்க?" என்று கேட்டேன்.

நானா தண்ணீரையே பார்த்தார். "நேத்து சுபஹுத் தொழுகைக்குப் பொறகு, பாஸ். பெடல் மெதுவா எறங்கிச்சி."

"மாத்தினது நல்லதுதான். ஒழுகுற மாஸ்டரோட வர ஏலாது. கடையில இதேதான் கெடச்சிச்சா?"

"பழய லொறிக்குப் போடுறது ஒண்ணு இருந்திச்சி. சைஸ் ஒண்ணு. ஆணி ஓட்டை ஒண்ணு. பைப்பும் அப்படியே உக்காந்திச்சி. ஒங்களுக்கு போன்ல கோல் எடுக்கத்தான் நெனச்சேன். எடுத்தா லொறிய எடுக்காதீங்கன்னு சொல்லுவீங்க. தினேஷ் புள்ளைக்கு லொறி தாரதா வாக்குக் குடுத்தீக்கி."

வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். உள்ளேதான் வித்தியாசம். டிரம் பிரேக்குக்கான மாஸ்டரில் ஒரு சின்ன வால்வு இருக்கும். காலை எடுத்த பிறகும் பைப்பில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்முக்கு அது நல்லது; அங்கே கட்டையைத் திருப்பி இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது. டிஸ்க்கில் அப்படி இழுக்க ஒன்றும் இல்லை. அந்தக் கொஞ்ச அழுத்தமே பேடைத் தட்டோடு ஒட்டி வைத்து உரசிக்கொண்டே இருக்கும். ரத்தோட்டையிலிருந்து ஏற்றம் முழுக்க உரசியிருக்கிறது.

"ஸ்டியரிங்ல ஒண்ணும் தெரியலயா நானா? இறுக்கமா, இழுக்கிற மாதிரி?"

"பூ மாதிரி வந்திச்சி."

அதுவும் என் கையால் செய்த வேலைதான். பழைய ஸ்டியரிங்காக இருந்தால் முன் சக்கரம் பிடித்துக்கொண்டு வருவதை அவர் தோள்பட்டை அடுத்த வளைவிலேயே சொல்லியிருக்கும். பவர் ஸ்டியரிங் பாரத்தை எடுத்துக்கொள்ளும்போது சேதியையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. அதனால் ஸ்டியரிங் இலகுவாக்கிக் கொடுத்த லொறிக்காரனிடம், இனி இடைக்கிடை இறங்கிச் சக்கரத்துக்குக் கிட்டக் கை வைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புங்கள். போக்கடியில் நிற்கிற பழக்கம் நல்ல பழக்கம். வாளிதான் வேண்டாம்.

முன்னால் இருந்தது லக்கலப் பக்கத்து இறக்கம். ஏறும்போதே அடுப்பாகியிருந்த பிரேக். ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கினால் பாதி வழியில் ஒயில் கொதித்துப் பெடல் தரைப் பலகையோடு போய்விடும். மாஸ்டரை அங்கேயே திறந்து வால்வைப் பிடுங்கலாமா என்று யோசித்தேன். கை பழகியதுதான். ஆனால் திறந்தால் ஒயில் முழுக்கப் போகும். திரும்ப நிரப்பிக் காற்று எடுக்க என் போத்தல் போதாது. மூட வழியில்லாத இடத்தில் பிரேக்கைத் திறக்காதீர்கள். ஆறப்போட்டு, சக்கரத்துப் பக்கத்தில் காற்று எடுக்கிற நிப்பிளை லேசாகத் தளர்த்தி அடைபட்ட அழுத்தத்தை மட்டும் விட்டு, வெறும் லொறியாக, சின்ன கியரில் என்ஜின் பிடித்து வைத்துக்கொள்ள இறக்கலாம். ஆட்களோடு முடியாது.

திரும்பி வந்து கூட்டத்திடம் சொன்னேன். மாஸ்டர் பற்றியோ நானாவைப் பற்றியோ ஒரு சொல் சொல்லவில்லை. "பிரேக்கு சூடு. ஆறணும். நீங்க எல்லாரும் குறுக்குப் பாதையில நடந்து எறங்குங்க. லொறி பின்னால வரும்."

சரஸ் அக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது. சிங்களவர் வழக்கத்தில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைப்பவன் பெண்ணின் தம்பி; அவனுக்குப் போட வேண்டிய மோதிரத்தைக் கைப்பையில் வைத்து, வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தவர் அவர்.

"எம்மவன் கல்யாணத்துக்கு நடந்து போறதா? சேத்துல? அந்த வீட்டாளுங்க என்ன நெனப்பாங்க? அனுப்பி வைக்க ஒரு வண்டி இல்லாத ஆளுங்கன்னு சொல்ல மாட்டாங்களா?"

"அக்கா, குறுக்குப் பாதை வளைவையெல்லாம் வெட்டிக்கிட்டு நேரா எறங்குது. லொறிய விட நீங்கதான் முன்னுக்குப் போவீங்க."

ராமையா அண்ணன் விடவில்லை. "ரெண்டு வாளி தண்ணிக்கு முடியிற வேலை. இவரு கல்யாணத்தையே நிப்பாட்டப் பாக்கிறாரு. நேரம் தவறினா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

"நேரம் தவறினா நான் சொல்றேன். லொறி தவறினா யார் சொல்றது அண்ணே?"

தினேஷ் ஒரு ஓரமாக நின்றிருந்தான். கோட், சப்பாத்து, நெற்றியில் விபூதி. கிட்ட வந்து மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, ஒங்க மகள இந்த லொறியில ஏத்தி எறக்குவீங்களா?"

"ஏத்த மாட்டேன்."

"அனீபா நானா, நீங்க?"

நானா தன் லொறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏத்தாதீங்க தம்பி" என்றார்.

அதற்கு மேல் தினேஷ் கேட்கவில்லை. கல்லில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினான். காற்சட்டையை முழங்கால் வரை மடித்தான். "அம்மா, வாங்க" என்று தாயின் கையைப் பிடித்தான். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகினார்கள். ராமையா அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே முன்னால் போனார். போய்ப் பாதையில் நின்று, "இங்க வழுக்குது, பாத்து, பாத்து" என்று பழையபடி கண்டக்டர் வேலை பார்க்கத் தொடங்கிவிட்டார். பாறை மேல் ஏறினால் சிக்னல் கிடைத்தது. பெண்ணின் தம்பி சமனுக்கு அழைத்துச் சொன்னோம். எல்லோரையும் ஏற்றிப் போக அடிவாரத்துக்குப் பெட்டி பூட்டிய கை டிராக்டர் கொண்டுவருவதாகச் சொன்னான்.

அவர்களோடு என் மனைவியும் நடந்தாள். போகும்போது, "சீரைக் கொண்டு வந்தது நல்லதாப் போச்சு" என்றாள்.

சக்கரம் தானாக ஆறும் வரை நானும் நானாவும் காத்திருந்தோம். நிப்பிளைத் தளர்த்தியதும், யாரும் பெடலைத் தொடாமலே ஒயில் பீச்சி அடித்தது. நானா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாவியை என்னிடம் நீட்டினார்.

"நீங்க ஓட்டுங்க பாஸ்."

"ஒங்க லொறி. வளைவு ஒவ்வொண்ணும் ஒங்களுக்குத் தெரியும். நீங்களே ஓட்டுங்க. பிரேக்குல கால் வைக்காதீங்க. என்ஜின நிப்பாட்டாதீங்க, நிப்பாட்டினா ஸ்டியரிங்கும் செத்துடும்."

அதை வேண்டுமென்றே செய்தேன். கையில் சாவியை வாங்கியிருந்தால் பக்கத்தில் ஒரு வெட்கப்பட்ட மனிதன் சும்மா உட்கார்ந்திருப்பான். ஓட்டத் தெரிந்தவனை அந்த நேரத்தில் வெட்கப்பட விடக் கூடாது. அவனுக்கு வேலை கொடுக்க வேண்டும்.

ஊர்ந்து இறங்கினோம். சில வளைவுகளுக்கு ஒரு தரம், பாதை சமமான இடம் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கை வைத்துப் பார்த்து, அழுத்தத்தை விட்டேன். நன்றாகத்தான் போனது. ஒரு வளைவைத் திரும்பியதும் நடுப்பாதையில் எருமைகள். நானா மிதித்தார். முதல் மிதிக்குப் பிடித்தது. அடுத்த மிதிக்குப் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. ஏறும்போதே அந்த ஒயில் வெந்து குமிழி விட்டிருக்க வேண்டும்.

"பிரேக் இல்ல பாஸ்" என்றார் நானா.

"மலைப் பக்கம் விடுங்க."

சின்ன கியர் பிடித்துக்கொண்டிருந்தது. நானா பதறாமல் திருப்பினார். சரிந்து கிடந்த மண் மேட்டில் லொறி மூக்கை வைத்து நின்றது. என்ஜின் அடங்கவில்லை. ஒரு எருமை திரும்பி எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. பின்னால் வெறும் பலகைகள் தட தடவென்று ஆடி நின்றன. நானா திரும்பி அந்தப் பலகைகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

நன்றாக ஆறவிட்டு, காற்றை எடுத்து, மிச்சம் இருந்த ஒயிலை ஊற்றி, மறுபடி ஊர்ந்தோம். கல்யாண வீட்டுக்குப் போனபோது ஆட்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். சுபநேரம் தவறவில்லை; அந்த நேரத்தில் நாங்கள் இருவரும்தான் மலையில் இருந்தோம். லொறி சில நாள் அங்கேயே நின்றது. சரியான மாஸ்டரை மகள்தான் சுற்றுவழி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். அவள் பெட்டியைத் திறந்து என்னிடம் தருவதற்கு முன்பே உள்ளே வால்வு இருக்கிறதா என்று பார்த்திருந்தாள்.

கை விட்டுப் போன வேலை உங்கள் வேலை இல்லை என்று இருக்காதீர்கள். நான் பார்த்த பிறகு இதில் யார் கை வைத்தது என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். அதையும், கேட்கப்படுகிறவன் உண்மை சொல்லக்கூடிய மாதிரி கேளுங்கள். வேலையில் பாதி அதுதான்.

வாசலில் எங்களை முதலில் கண்டது சமன். புது மோதிரம் போட்ட கையில் வாளியோடு வந்தான். மாப்பிள்ளையின் காலைக் கழுவுவது வழக்கமாக ஒரு செம்புத் தண்ணீரில் பேருக்கு முடிகிற சடங்காம். அன்றைக்கு முழங்கால் வரை சிவப்பு மண்ணோடு வந்து நின்றானாம் தினேஷ். சரஸ் அக்கா வெட்கத்தில் தலை குனிந்து நிற்க, பெண்ணின் தகப்பனார் ஒரு நிமிஷம் அந்தக் கால்களைப் பார்த்தாராம். பிறகு, "அந்தக் குறுக்குப் பாதையால எங்க ஆட்களே எறங்கப் பயப்படுவாங்க" என்று சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு, செம்பு போதாது, வாளி கொண்டு வா என்றாராம்.

"மச்சானுக்கே மூணு வாளி போச்சு" என்றான் சமன், தனக்குத் தெரிந்த தமிழில். "நீங்க ரெண்டு பேரும் வாங்க. ஒங்களுக்கு மோதிரம் வேணாம்."

எங்கள் கையிலும் காலிலும் தண்ணீர் ஊற்றினான். கிரீஸ் லேசில் போகவில்லை. வாளியில் பாதித் தண்ணீர் மீதி இருந்தது. நானா அதைச் சமனின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, பழக்கத்தில் நேரே லொறியின் முன் சக்கரத்துக்குப் போனார். வாளியைத் தூக்கியும் விட்டார்.

அப்படியே நின்றார். வாளியைக் கீழே வைத்தார். குனிந்து, சக்கரத்துக்குக் கிட்டப் புறங்கையை நீட்டி, கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு மறுபக்கம் போய் அங்கேயும் வைத்துப் பார்த்தார். திரும்பி வந்து தண்ணீரை வேலியோரத்து வாழைக்கு ஊற்றிவிட்டு, "வாங்க பாஸ், சோறு ஆறுது" என்றார்.